37ஆம் பக்கத்தில் நின்றுபோன நாவல்

மாணவர்களே, பிரிக்பீல்ட்ஸில் ஒரு நாவல் வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் பரிந்துரைத்த நாவல். அட்டைப்படமும் அழகாக இருக்கிறது. கேஎல் சென்ட்ரலில் கிள்ளானுக்குப் போகும் கொமுட்டரில் ஏறுகிறீர்கள். உட்கார இடம் கிடைத்ததும் புத்தகத்தைப் பிரிக்கிறீர்கள். சுபாங் ஜெயா வருவதற்குள் 20 பக்கங்கள் ஓடிவிடுகின்றன. ஷா ஆலத்தைத் தாண்டும்போது, ஒரே பத்தியை இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பதைக் கவனிக்கிறீர்கள். கிள்ளானில் இறங்கும்போது நாவல் பைக்குள், கைப்பேசி கைக்குள். மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தாலும் 37ஆம் பக்கத்தில் செருகிய பக்கக்குறி அங்கேயே இருக்கிறது.

அப்போது மனத்துக்குள் இரண்டு குரல்கள் கேட்கும். "காசு கொடுத்து வாங்கியாயிற்று, எப்படியாவது முடித்துவிட வேண்டும்" என்று ஒரு குரல். "நமக்கெல்லாம் வாசிப்பு ஒத்துவராது" என்று இன்னொரு குரல். இரண்டுமே தவறான முடிவுகள். ஒரு நாவல் ஏன் பாதியில் நின்றுபோகிறது என்பதற்கு உளவியலிலும் மூளை அறிவியலிலும் தெளிவான காரணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால், எந்த நாவலைத் தயங்காமல் மூடலாம், எதற்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

நீங்கள் மட்டும் அல்ல

பாதியில் நிறுத்துவது உலகெங்கும் நடப்பதுதான். அமெரிக்கக் கணித அறிஞர் ஜோர்டன் எல்லன்பெர்க் 2014இல் விளையாட்டாக ஓர் அளவுகோலை உருவாக்கினார். மின்னூல் படிப்பவர்கள் பிடித்த வரிகளைக் கோடிட்டு வைப்பார்கள் அல்லவா? ஒரு நூலில் மிக அதிகம் பேர் கோடிட்ட ஐந்து இடங்களை எடுத்துக்கொண்டார். அவை வரும் பக்கங்களின் சராசரியை நூலின் மொத்தப் பக்கங்களால் வகுத்தார். எல்லாரும் கடைசி வரை படித்திருந்தால் அந்த இடங்கள் நூல் முழுவதும் பரவியிருக்கும். பலர் தொடக்கத்திலேயே நிறுத்தியிருந்தால் முதல் சில பக்கங்களிலேயே குவிந்திருக்கும்.

ஸ்டீபன் ஹாக்கிங் காலத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற அறிவியல் நூலுக்கு 6.6 விழுக்காடு கிடைத்தது. இந்த அளவுகோலுக்கு 'ஹாக்கிங் குறியீடு' என்றே பெயர் வைத்தார் எல்லன்பெர்க். பொருளியல் அறிஞர் தோமா பிக்கெட்டியின் தடித்த நூல் 2.4 விழுக்காட்டில் நின்றது. ஆனால் டோனா டார்ட் எழுதிய 'தி கோல்ட்ஃபிஞ்ச்' என்ற நாவல், 700 பக்கங்களைத் தாண்டிய பெரிய நூலாக இருந்தும் 98.5 விழுக்காடு பெற்றது.

இது துல்லியமான அறிவியல் ஆய்வு அல்ல என்று எல்லன்பெர்க்கே சொல்லிவிட்டார். கோடிடாமலும் ஒருவர் முழுமையாகப் படித்திருக்கலாம்; கடைசியில் மட்டும் கோடிடத் தக்க வரிகள் இருந்திருக்கலாம். ஆயினும் ஒன்றை யோசிக்க வைக்கிறது: பக்க எண்ணிக்கை மட்டும் வாசகரை விரட்டுவதில்லை. வேறு ஏதோ இருக்கிறது.

முதல் தடை: சொற்கள்

படிக்கும்போது உங்கள் கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நிற்கும், பிறகு தாவும், மீண்டும் நிற்கும். ஆங்கில வாசிப்பைக் கண்காணித்த ஆய்வுகளில், நன்றாகப் படிப்பவர்களின் தாவல்களிலும் 10 முதல் 15 விழுக்காடு பின்னோக்கியே இருந்தன. வாக்கியம் கடினமாகும்போது கண் நிற்கும் நேரமும் கூடும், பின்னோக்கிய தாவல்களும் கூடும். ஷா ஆலத்தில் ஒரே பத்தியை இரண்டு முறை படித்தீர்களே, அதுவும் இந்த வகைதான்.

தமிழில் இன்னொரு சிறப்பு உண்டு. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்ற சொல்லைப் பாருங்கள். வருதல் என்ற செயல், அது தொடர்ந்து நடந்தது, கடந்த காலத்தில் நடந்தது, செய்தவர்கள் பலர், அவர்களுக்கு ஏதோ கிடைக்கிறது, அவர்களுக்கு மட்டும் அல்ல என ஆறு செய்திகள் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. தமிழைத் தினமும் படிப்பவர்களின் மூளை இதை ஒரே பார்வையில் பிரித்துவிடும். பள்ளியில் பெரும்பாலான பாடங்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்துவிட்டு, வாரத்தில் சில பாட வேளைகள் மட்டும் தமிழ் படிக்கும் மாணவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்படலாம். இது திறமைக் குறைவு அல்ல. பழக்கத்தின் அளவு, அவ்வளவுதான்.

மூளையில் 'செயல் நினைவு' என்று ஒரு பகுதி வேலை இருக்கிறது. இப்போது கையாளும் செய்திகளை அது சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கும். ஒரே நேரத்தில் அது தாங்குவது ஏறக்குறைய நான்கு செய்திகளைத்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த இடம் முழுவதையும் சொற்களைப் பிரிப்பதிலேயே செலவழித்துவிட்டால், கதைக்கு இடம் எங்கே? கண் பக்கத்தின் கடைசி வரியை எட்டிவிடும். என்ன படித்தோம் என்பது மட்டும் நினைவில் இருக்காது.

இதற்கு ஓர் அளவும் உண்டு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களை வைத்து 2000இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு கதையை யாருடைய உதவியும் இல்லாமல் வசதியாகப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். 80 விழுக்காடு மட்டுமே தெரிந்தபோது ஒருவருக்கும் போதிய அளவு புரியவில்லை. 80 மதிப்பெண் என்றால் தேர்வில் நல்ல மதிப்பெண்; வாசிப்பில் அது போதாது. 200 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தில் 2 விழுக்காடு என்பது 4 சொற்கள். ஒரு பக்கத்தில் நான்கைந்து சொற்களுக்குமேல் தெரியவில்லை என்றால், உங்களைக் களைப்படைய வைப்பது கதையாக இல்லாமல் சொற்களாக இருக்கலாம்.

இரண்டாம் தடை: பின்னணி

சொற்கள் எல்லாம் தெரிந்தும் புரியாமல் போகுமா? இந்தப் பத்தியைப் படித்துப் பாருங்கள்.

"இரண்டு பாத்திரங்கள் போதும். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் பழகாதவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. ஒருமுறை செய்தால் போதாது. மேலே இருந்தது கீழேயும் கீழே இருந்தது மேலேயும் மாற வேண்டும். பார்ப்பவர்கள் சிலர் கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். சற்று நேரத்தில் வெளிறிய நிறத்தில் ஒன்று திரண்டு நிற்கும். அதன் பிறகு தாமதித்தால் பயனில்லை."

ஒவ்வொரு சொல்லும் எளிமையானது. ஆனாலும் எதுவும் பிடிபடாமல் இருந்திருக்கும். இப்போது தலைப்பைச் சொல்கிறேன்: 'தே தாரிக் ஆற்றும் முறை'. மீண்டும் ஒருமுறை படியுங்கள். எல்லாம் தானாக அதனதன் இடத்தில் போய் உட்காரும்.

ஜான் பிரான்ஸ்ஃபோர்ட், மார்சியா ஜான்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1972இல் இதே போன்ற சோதனையைச் செய்தார்கள். அவர்களுடைய பத்தி துணி துவைப்பதைப் பற்றியது. அதில் 18 கருத்துகள் இருந்தன. தலைப்பு தெரியாமல் கேட்டவர்கள் சராசரியாக மூன்றுக்கும் குறைவான கருத்துகளையே நினைவில் வைத்திருந்தார்கள். தலைப்பை முன்பே அறிந்தவர்கள் ஏறக்குறைய ஆறு கருத்துகளைச் சொன்னார்கள். கேட்டு முடித்த பிறகு தலைப்பைத் தெரிந்துகொண்டவர்களுக்கோ பயன் ஏதும் கிடைக்கவில்லை. பின்னணி அறிவு முன்னால் வர வேண்டும். பின்னால் வந்தால் உதவாது.

1988இல் உங்கள் வயது மாணவர்கள் 64 பேரை வைத்து அமெரிக்காவில் மற்றொரு சோதனை நடந்தது. பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வருணனையை அவர்கள் படித்தார்கள். படித்த பிறகு மாதிரித் திடலில் மரப் பொம்மைகளை நகர்த்தி ஆட்டத்தை நடித்துக் காட்ட வேண்டும். நன்றாகப் படிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கியிருந்தும் பேஸ்பால் நன்கு தெரிந்தவர்கள் சிறப்பாகச் செய்தார்கள். செபாக் தக்ராவ் தெரியாத ஒருவரிடம் அந்த ஆட்டத்தைப் பற்றிய கதையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐந்து பாகங்கள் கொண்ட இந்த நாவலைத் தொடங்கி, முதல் பாகத்திலேயே நிறுத்தியவர்களை நீங்களும் அறிந்திருப்பீர்கள். வந்தியத்தேவன், ஆழ்வார்க்கடியான், கந்தமாறன், பழுவேட்டரையர்கள், நந்தினி, குந்தவை, மதுராந்தகர் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். நான்கு செய்திகளுக்கே இடமுள்ள செயல் நினைவு திணறிப்போகும். ஆனால் 2022, 2023இல் வெளிவந்த திரைப்படங்களைப் பார்த்துவிட்டு நாவலைத் தொடங்குபவருக்கு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் முன்பே மனத்தில் இருக்கும். யார் யாருக்கு எதிரி என்பதும் தெரியும். நாவலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாசகரின் பின்னணி அறிவு மட்டும் மாறியிருக்கிறது.

பாட்டியிடம் இருக்கும் அகராதி

நம் நாட்டுத் தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் நாவல்களை எடுத்துக்கொள்வோம். அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே', ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' ஆகியவற்றை நூலகத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது நாவலின் களம், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போடப்பட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே உயிரிழந்தார்கள்.

இத்தகைய நாவல்களைத் திறக்கும் இன்றைய மாணவர் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவராக இருக்கலாம். லயம், கங்காணி, பெரட்டு, மங்கு போன்ற சொற்கள் வந்தால் அவர் தடுமாறுவார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடு. கங்காணி என்பவர் வேலையாட்களை மேற்பார்த்தவர். பெரட்டு என்பது விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். மங்கு என்பது ரப்பர் மரத்தில் பால் வடியும் கிண்ணம். இந்த நான்கு சொற்களைத் தெரிந்துகொண்டாலே ஒரு தோட்டத்தின் விடியற்காலை மனத்தில் உருவாகத் தொடங்கிவிடும்.

அகராதியைப் புரட்ட வேண்டியதுகூட இல்லை. தோட்டத்தில் வளர்ந்த தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், பத்து நிமிடம் கேளுங்கள். பால் மரம் வெட்ட எத்தனை மணிக்கு எழுந்தார்கள், மழை பெய்தால் கூலி என்ன ஆகும் என்று கேளுங்கள். தே தாரிக் பத்திக்குத் தலைப்பு எப்படி உதவியதோ, அப்படியே இந்தப் பத்து நிமிடங்களும் நாவலுக்கு உதவும். சுவாரசியம் இல்லை என்று மூடிவைத்த நாவல், உங்கள் சொந்தக் குடும்பத்தின் கதையாகவும் இருக்கலாம். சில சொற்கள் தெரியாத ஒரே காரணத்தால் அதை இழந்துவிடக் கூடாது.

மூன்றாம் தடை: கேள்வி இல்லாத கதை

சொல்லும் புரிகிறது, பின்னணியும் தெரிகிறது. ஆனாலும் பக்கத்தைப் புரட்டத் தோன்றவில்லை. இதற்கு வேறு காரணம் உண்டு.

நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் இடையே உள்ள இடைவெளிதான் ஆர்வத்தைத் தூண்டுகிறது என்று ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற அறிஞர் 1994இல் விளக்கினார். இதை ஒட்டிக் கலிபோர்னியாவில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டு மூளையைப் படம் எடுத்தார்கள். விடை நன்றாகத் தெரிந்த கேள்விகளில் அவர்களுக்கு ஆர்வம் குறைவு. கொஞ்சமும் தெரியாத கேள்விகளிலும் ஆர்வம் குறைவு. 'தெரியும் போலிருக்கிறது, ஆனால் உறுதியில்லை' என்ற நடுநிலையில்தான் ஆர்வம் உச்சத்தில் இருந்தது. ஆர்வம் கூடிய கேள்விகளின்போது, பரிசை எதிர்பார்க்கும்போது இயங்கும் மூளைப் பகுதி ஒன்றும் கூடுதலாக இயங்கியது.

நாவலுக்கும் இது பொருந்தும். அடுத்து என்ன நடக்கும் என்று முழுவதும் தெரிந்துவிட்டால் சலிப்பு. எதுவுமே ஊகிக்க முடியாவிட்டாலும் சலிப்பு. நல்ல கதாசிரியர் உங்களைப் பாதி ஊகிக்க வைத்து, மீதியை மறைத்து வைப்பார்.

வார இதழ்களின் தொடர்கதைகள் 'தொடரும்' என்று முடிந்தது ஏன் என்பதும் இப்போது விளங்கும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வியை விட்டுச் சென்றால்தான் அடுத்த வாரம் வாசகர் இதழைத் தேடி வருவார். இடையில் நின்ற வேலையை மீண்டும் எடுக்கத் தூண்டும் ஓர் உந்துதல் மனிதரிடம் இருப்பதை மரியா ஓவ்சியாங்கினா என்ற உளவியலாளர் 1928இல் ஆய்வில் காட்டினார். ஆகவே அத்தியாயத்தின் முடிவில் நிறுத்துவதைவிட, பரபரப்பான ஓர் இடத்தின் நடுவே நிறுத்தினால் மறுநாள் புத்தகத்தை எடுக்க மனம் எளிதாக வரலாம். முயன்று பாருங்கள்.

நான்காம் தடை: எதிர்பார்ப்பு

ஒரு நாவல் மோசமாக இருப்பதும் ஏமாற்றம் தருவதும் ஒன்றல்ல. குரங்குகளின் மூளையில் டோபமின் நரம்பணுக்களை ஆராய்ந்த வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற அறிவியலாளர் இதை அழகாகக் காட்டினார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் வேகமாக இயங்கின. எதிர்பார்த்த சாறு அப்படியே கிடைத்தபோது பெரிய மாற்றம் இல்லை. எதிர்பார்த்தது வராமல் போனபோதோ, இயக்கம் வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. அதாவது, மூளை பதிவு செய்வது கிடைத்ததை மட்டும் அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையும்தான்.

"இதைப் போல ஒரு நாவல் உலகத்திலேயே இல்லை" என்று நண்பர் சொல்லிவிட்டால், சுமாரான நாவல் மட்டும் அல்ல, நல்ல நாவலும் ஏமாற்றமாகத் தோன்றலாம். அதே நாவலை யாரும் எதுவும் சொல்லாமல் நூலகத்தில் தற்செயலாக எடுத்திருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கக்கூடும்.

மைனாவின் கணக்கு

எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்குப் பறவைகளிடமும் ஒரு பாடம் உண்டு. புல்வெளியில் புழு பொறுக்கும் மைனாவைப் பாருங்கள். ஓரிடத்தில் புழுக்கள் குறையக் குறைய, இன்னும் இங்கேயே தேடுவதா, வேறு இடத்துக்குப் பறப்பதா என்ற முடிவை அது எடுக்க வேண்டும். எரிக் சார்னோவ் என்ற சூழலியலாளர் 1976இல் இதற்கு ஒரு கணித விதியை எழுதினார். இப்போதிருக்கும் இடத்தின் வரவு, பறக்கும் நேரத்தையும் சேர்த்து மொத்தச் சுற்றுப்புறத்தின் சராசரி வரவுக்கு இறங்கும்போது கிளம்புவதே இலாபம். அடுத்த இடம் தொலைவில் இருந்தால் பறவை கூடுதல் நேரம் தங்கும். அருகில் இருந்தால் விரைவில் கிளம்பிவிடும். அடுத்த ஆண்டே ரிச்சர்ட் கௌவி என்பவர், மரத்தூள் நிரப்பிய கிண்ணங்களில் புழுக்களை ஒளித்து வைத்துச் சிறு பறவைகளைச் சோதித்தார். கிண்ணத்தின் மூடியைத் திறப்பது கடினமாக இருந்தபோது, பறவைகள் ஒவ்வொரு கிண்ணத்திலும் அதிக நேரம் செலவிட்டன.

இப்போது கொமுட்டருக்குத் திரும்புவோம். நாவல் ஒரு கிண்ணம். அடுத்த கிண்ணம் எங்கே இருக்கிறது? உங்கள் சட்டைப்பையில்! மூடியே இல்லை, விரலால் தொட்டால் போதும். மைனாவின் விதிப்படி, இவ்வளவு அருகில் இன்னொரு கிண்ணம் இருக்கும்போது எந்த நாவலிலும் நெடுநேரம் தங்க மாட்டோம். கைப்பேசியைப் பையின் அடியில் வைத்துவிடுங்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான். அந்தக் கிண்ணத்துக்கு ஒரு மூடி போடுகிறோம்.

இன்னொரு முக்கியமான வேறுபாடும் உண்டு. புல்வெளியில் நேரம் ஆக ஆகப் புழுக்கள் குறையும். நாவலில் பல நேரம் இது தலைகீழ். தொடக்கப் பக்கங்களில் பெயர்களையும் இடங்களையும் மனத்தில் கட்டி எழுப்பும் வேலை அதிகம், இன்பம் குறைவு. அந்த உலகம் உருவான பிறகு வேலை குறையும், இன்பம் கூடும். ஆகவே 10ஆம் பக்கத்தில் கிடைத்த வரவை வைத்து 200ஆம் பக்கத்தைக் கணிப்பது தவறாகிவிடலாம்.

கொடுத்த காசு திரும்பாது

மறுபக்கம், தேவைக்கு மேல் தங்கிவிடும் தவறும் உண்டு. 1985இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் நாடகப் பருவச்சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கே விற்றார்கள். மற்றவர்களுக்கு 2 டாலரோ 7 டாலரோ தள்ளுபடி கொடுத்தார்கள். யாருக்கு எவ்விலை என்பது தற்செயலாகத் தீர்மானிக்கப்பட்டது. நாடகங்கள் ஒன்றுதான், இருக்கைகளும் ஒன்றுதான். ஆனால் பருவத்தின் முதல் பாதியில் நடந்த ஐந்து நாடகங்களில் முழு விலை கொடுத்தவர்கள் சராசரியாக 4.1 நாடகங்களுக்கு வந்தார்கள். தள்ளுபடி பெற்றவர்கள் 3.3 நாடகங்களுக்கே வந்தார்கள். இரண்டாம் பாதியில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

செலவழித்த காசு எப்படியும் திரும்பப் போவதில்லை. ஆனாலும் அதற்காகவே நாம் ஒன்றைத் தொடர்கிறோம். பிடிக்காத நாவலை 'காசு கொடுத்தோமே' என்று முடிப்பவர் காசோடு பத்து மணி நேரத்தையும் சேர்த்து இழக்கிறார். அந்தப் பத்து மணி நேரத்தில் வேறொரு நாவல் அவருக்குப் பிடித்திருக்கக்கூடும்.

மூடுவதற்கு முன் நான்கு கேள்விகள்

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஓர் எளிய விதி சொல்கிறார்: 50 பக்கங்கள் படியுங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தங்கள் வயதைக் கழித்து, வரும் எண்ணிக்கையளவு பக்கங்கள் படித்தால் போதும். 70 வயதுத் தாத்தாவுக்கு 30 பக்கங்கள். நூறு வயதுக்காரர் அட்டையைப் பார்த்தே முடிவு செய்யலாம்! உங்களுக்கு 50 பக்கங்கள். அவற்றைப் படித்த பிறகு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்:

1. ஒரு பக்கத்தில் எத்தனை சொற்கள் எனக்குத் தெரியவில்லை? நான்கைந்துக்குமேல் என்றால் நாவலைக் குறை சொல்ல வேண்டாம். அதே எழுத்தாளரின் சிறுகதைகளைப் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

2. கதை நடக்கும் காலமும் இடமும் எனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் பத்து நிமிடம் கேட்டோ தேடியோ தெரிந்துகொண்டு, முதல் அத்தியாயத்தை மீண்டும் படியுங்கள்.

3. கைப்பேசி இல்லாமல் 20 நிமிடம் தொடர்ந்து படித்தேனா? இல்லையென்றால் நாவலை இன்னும் சோதிக்கவே இல்லை.

4. இந்தக் கதையில் நான் விடை தேடும் கேள்வி ஒன்றாவது இருக்கிறதா? முதல் மூன்று தடைகளும் இல்லாமல், இதற்கும் 'இல்லை' என்று பதில் வந்தால், நாவலைத் தயங்காமல் மூடுங்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் டானியல் பென்னாக் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். 1992இல் வெளிவந்த நூலில் அவர் வாசகருக்குப் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். மூன்றாவது உரிமை, நூலை முடிக்காமல் விடும் உரிமை. மாணவர்கள் வாசிப்பைத் தண்டனையாக எண்ணிவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை.

தேர்வுக்குரிய நாவல் என்றால்?

எஸ்பிஎம் தமிழ் இலக்கியம் எடுப்பவர்களுக்கு இந்த உரிமை இல்லை. பாட நாவலை முடித்தே ஆகவேண்டும். ஆனால் தடைகளைக் குறைக்கலாம். முதலில் ஒரு தாளில் பாத்திரங்களின் பெயர்களையும் உறவுகளையும் வரைந்து புத்தகத்துக்குள் வையுங்கள். செயல் நினைவின் சுமையை அந்தத் தாள் சுமக்கும். கதைச் சுருக்கத்தை முன்பே படித்தால் சுவை கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். கலிபோர்னியாவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், முடிவு தெரிந்து படித்தவர்களே கதைகளைக் கூடுதலாக ரசித்தார்கள். பின்னர் வந்த சில ஆய்வுகளில் மாறான முடிவும் கிடைத்திருக்கிறது. ஆனால் கடினமான நாவலில் சுருக்கம் என்பது தே தாரிக் பத்திக்குக் கிடைத்த தலைப்பு. கடைசியாக, ஓர் அத்தியாயத்தை நண்பருடன் மாறி மாறி உரக்கப் படியுங்கள். கண் திணறும் நீண்ட சொல்லைக் காது எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

செய்து பாருங்கள்

நீங்கள் பாதியில் விட்ட மூன்று நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மொழியில் இருந்தாலும் சரி. ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கத்தில் நின்றீர்கள், காரணம் சொல்லா, பின்னணியா, கேள்வி இல்லாமையா, எதிர்பார்ப்பா, அல்லது அருகிலிருந்த கைப்பேசியா என்று ஒரு அட்டவணையில் எழுதுங்கள். வகுப்பில் பத்துப் பேர் செய்தால் 30 பதிவுகள் கிடைக்கும். எந்தக் காரணம் அதிகம் வருகிறது, மொழிக்கு மொழி அது மாறுகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ் நாவல்களுக்கு 'சொல்' என்ற காரணமே அதிகம் வந்தால், அந்த அட்டவணையை உங்கள் தமிழ் ஆசிரியரிடம் காட்டுங்கள். எந்த நாவலிலிருந்து தொடங்கலாம் என்று அவர் சொல்லக்கூடும்.

பிறகு அந்த 37ஆம் பக்கத்துக்குப் போங்கள். பக்கக்குறியை எடுத்துவிடுவதா, அடுத்த பக்கத்துக்கு நகர்த்துவதா என்பதை இம்முறை காரணம் தெரிந்து முடிவு செய்யுங்கள்.